முப்பதாம் நாள் இல்லாத வருடம்

வெங் சுய்யிங்கைப் பற்றி எங்கள் கட்டடத்தில் யாரும் கெட்டதாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அதுதான் அவளுக்குக் கிடைத்த தண்டனை. அன்றைக்கே யாராவது வாசலில் நின்று நாலு வார்த்தை நறுக்கென்று திட்டியிருந்தால் அவளும் திருப்பித் திட்டியிருப்பாள், அழுதிருப்பாள், அத்தோடு தீர்ந்திருக்கும். எங்கள் ஆட்கள் திட்டவில்லை. சிரித்த முகத்தோடு வந்து, இனிப்பைத் தின்றுவிட்டுப் போனார்கள்.

ஃபூஜோ நகரில் சீப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பு. மூன்றாவது மாடியில் ஒரே நீள நடை, அதில் பதினோரு அறைகள். நடையின் ஒரு கோடியில் எல்லாருக்கும் பொதுவான சமையல் மேடை, மறு கோடியில் வெயில் விழும் திறந்த மாடம். குளிர்காலத்தில் பதினோரு வீட்டுக் கிண்ணங்களும் பகலெல்லாம் அந்த மாடத்தில் காய்ந்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் அவரவர் ஜன்னலுக்குத் திரும்பும். கிண்ணங்களில் கூழாங்கல்லும் தண்ணீரும், நடுவே வெங்காயம் போல ஒரு கிழங்கும். நீர்த்தேவதை என்று நாங்கள் சொல்லும் பூ அது. ஆறு வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் குப்பி. புத்தாண்டு முதல் நாள் காலையில் வீட்டில் அது விரிந்தால் அந்த வருடம் நல்லபடியாகப் போகும். முந்தி விரிந்தாலும் பூதான், பிந்தி விரிந்தாலும் பூதான். ஆனால் முதல் நாள் விரிவது வேறு.

சுய்யிங் மூன்றாவது பெண்ணாகப் பிறந்தவள். வீட்டில் அவளுக்குப் பெயர் யோசிக்கக்கூட யாருக்கும் பொறுமை இருக்கவில்லை, அக்காள் பெயரில் ஒரு எழுத்தை மாற்றி வைத்துவிட்டார்கள். படிப்பும் சுமார், பாட்டும் சுமார். பதினாறு வயதில் தொழிற்சாலையில் சேர்ந்து எருமைக் கொம்பில் சீப்புப் பல் அறுக்க உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருடம் அறுத்தாள். அவள் அறுத்த சீப்பால் இந்த ஊரில் எத்தனையோ பேர் தலை வாரியிருப்பார்கள். சீப்பின் பல் எவ்வளவு சீராக இருக்கிறது என்று எவராவது சொல்லியிருப்பாரா? வாய்ப்பே இல்லை.

கல்யாணமாகி நாலைந்து வருடம் கழித்து, ஒரு குளிர்காலத்தில் கூட வேலை செய்த ஒருத்தி இரண்டு கிழங்கைக் கொடுத்தாள். அதை அப்படியே தண்ணீரில் வைத்தால் இலை பூண்டுத் தாள் மாதிரி நெட்டுக்குத்தாக வளர்ந்து சரிந்துவிடும். கத்தி பிடிக்கத் தெரிந்தவர்கள் கிழங்கின் ஒரு பாதியைத் தோல் தோலாகச் சீவி, உள்ளே உறங்கும் இலையின் ஓரத்தை மட்டும் மயிரிழை சீவி விடுவார்கள். சீவுபட்ட பக்கம் வளராது, சீவாத பக்கம் வளரும். அதனால் இலை சுருண்டு சுருண்டு நண்டுக் கால் போல் வளையும், பூ அதன் நடுவே தாழ்ந்து உட்காரும். கொஞ்சம் ஆழமாகக் கத்தி பட்டால் மொட்டே செத்துப் போகும். கொம்பில் பல் அறுத்த கைக்கு இது தண்ணீர் பட்ட பாடு. சுய்யிங்கின் கிண்ணம் முதல் நாள் விடியலில் விரிந்தது. நடையிலிருந்த அத்தனை பேரும் வந்து பார்த்தார்கள். "என்ன கை! என்ன கை!" என்றார்கள்.

அந்த இரண்டு சொல்லுக்காக அவள் அடுத்த ஒன்பது வருடம் உயிரோடு இருந்தாள் என்று சொன்னால் மிகையில்லை. ஒன்பது வருடமும் தவறாமல் முதல் நாள் விடியலில் பூத்தது. தொழிற்சங்கத்தார் ஒரு வருடம் கண்காட்சியில் வைத்து, படம் எடுத்து, சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். அதை அவள் மேசைக்கு நேர் மேலே ஆணி அடித்து மாட்டினாள். கட்டடமே அவளை 'நீர்த்தேவதை சுய்யிங்' என்று கூப்பிட்டது. கொஞ்சம் தலைக்கனம் வந்தது, வராமல் இருக்குமா? யாருக்கும் கத்தி பிடிக்கச் சொல்லித்தர மாட்டாள். புத்தாண்டில் மற்ற வீடுகளுக்குப் போய், நெடுநெடுவென்று சரிந்து கிடக்கும் அவர்களுடைய செடியைக் குனிந்து பார்ப்பாள். "பரவாயில்லே, மணம் இருக்கு," என்பாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் ருவான் யூஹே கடைசி அறைக்குக் குடி வந்தாள். முப்பது வயது இருக்கும். புருஷன் சரக்குக் கப்பலில் வேலை, எட்டு மாதமாகக் கடலில் இருந்தான். பிறந்த ஊர் ஜாங்ஜோவ் பக்கம், அவள் அப்பா நீர்த்தேவதைக் கிழங்கு பயிரிடுகிறவர். வந்த மறு மாதமே ஊரிலிருந்து ஒரு சாக்குக் கிழங்கு வரவழைத்து வீடு வீடாகக் கொடுத்தாள். சுய்யிங்குக்கும் நாலு கொடுத்தாள்.

"அக்கா, நீங்கதான் இங்க பெரிய கைக்காரங்கன்னு சொன்னாங்க. நல்ல கிழங்கா பொறுக்கி எடுத்துட்டு வந்தேன்."

"வச்சுட்டுப் போ," என்றாள் சுய்யிங்.

அன்று மத்தியானம் சமையல் மேடையில் யூஹே ஒரு கிழங்கைச் சீவிக் காட்டினாளாம். கூட்டம் கூடி வேடிக்கை பார்த்ததாம். லாரி ஓட்டும் ஃபாங், "சுய்யிங்குக்குப் போட்டி வந்தாச்சுடோய்!" என்று நடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான். சுய்யிங் கதவைச் சாத்திக்கொண்டாள்.  அன்றிலிருந்து யூஹே சமைக்கும் நேரத்தில் அவள் மேடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. எல்லாரும் சமைத்து முடித்தபின் ஆறிய அடுப்பில் தனியாகச் சமைத்தாள். எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

ஒரு நாள் ஃபாங்கின் மனைவி தண்ணீர்க் குழாயடியில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்: "யூஹே பக்கத்துல நின்னு காய் நறுக்க முடியலே சுய்யிங். முழங்கையோட முழங்கை இடிக்குது. நான் இடம் மாறிட்டேன்."

வேறு யாராக இருந்தாலும் ஏன் இடிக்கிறது என்று கேட்டிருப்பார்கள். இவள் "ஓ" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். யூஹே என்ற பெயரைக் கேட்டாலே காதை மூடிக்கொள்கிற வியாதி அவளுக்கு வந்திருந்தது.

கிழங்கு சீவும் நாள் வந்தது. விரிவதற்கு இருபத்தைந்து நாள் என்பது அவள் கணக்கு. எங்கள் நிலாக் கணக்கில் பன்னிரண்டாம் மாதம் முப்பதாம் தேதி வருடக் கடைசி. அங்கிருந்து பின்னோக்கி எண்ணிச் சீவினாள். இந்த வருடம் நாள்காட்டி பார்க்கவில்லை. அதெல்லாம் தெரியாதவர்கள் பார்ப்பது. வெயில் கொஞ்சம் அதிகமாக அடித்தபோது முந்தி விரிந்துவிடுமோ என்று பயந்து நாலைந்து நாள் மாடத்துக்கே கொண்டு போகாமல், குளிர்ந்த அறையில் கட்டிலடியில் வைத்தாள். மற்ற வருடங்களில் இவ்வளவு பயந்ததில்லை. இந்த வருடம் யூஹேயின் கிண்ணம் மாடத்தில் உட்கார்ந்திருந்தது.

கிண்ணங்கள் எல்லாம் ஒன்றே போல் இருந்தன. தொழிற்சாலை ஆண்டு விழாவுக்கு வீட்டுக்கு ஒன்று கொடுத்த நீலக் கரை போட்ட தட்டைக் கிண்ணம். யூஹேயின் புருஷன் வேறு கம்பெனி என்றாலும், முன்னே அந்த அறையில் இருந்தவர்கள் அதை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கூழாங்கல்லும் ஒன்றே. மின் என்னும் எங்கள் ஊர் ஆற்றின் கரையிலிருந்து ஃபாங் ஒரு நடை லாரியில் அள்ளி வந்து எல்லாருக்கும் பங்கு வைத்தது.

இருபத்தெட்டாம் தேதி காலை ஃபாங் பல் துலக்கிக்கொண்டே கேட்டான்: "என்ன சுய்யிங், நாளன்னைக்கு உன் வீட்டுக்குத்தான் முதல் கும்பிடு. பூ ரெடியா?"

"நாளன்னைக்கு முப்பதுதானே. அதுக்கு அடுத்த நாள்தானே முதல் நாள்."

ஃபாங் வாயிலிருந்த நுரையைத் துப்பினான். "முப்பதா? இந்த வருஷம் முப்பது இல்லியே! சின்ன மாசம். இருபத்தொன்பதோட வருஷம் முடிஞ்சு போச்சு. நாள்காட்டி பாக்கலியா நீ?"

சுய்யிங்குக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. யூஹே கூட ஒரு மாதத்துக்கு முன் நடையில் எதிரே வந்தபோது ஏதோ சொன்னாளே, "அக்கா, இந்த வருஷம் முப்பது..." என்று? இவள்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு போய்விட்டாளே! ஓடிப்போய்க் கிண்ணத்தைப் பார்த்தாள். மொட்டுகள் பச்சையாக, இறுக மூடி, தோலுக்குள் முடங்கியிருந்தன. வெந்நீர் ஊற்றினாள், விளக்கைக் கொளுத்திப் பக்கத்தில் வைத்தாள், பஞ்சால் சுற்றினாள். அவள் புருஷன் தெங் அச்சுப் பிழை பார்க்கும் வேலை செய்கிறவர், வாய் பேசாதவர். "ரெண்டு நாள் பிந்தினா என்ன குடியா முழுகிப் போவுது?" என்று மட்டும் கேட்டார்.

"உனக்கு என்ன தெரியும்!" என்று அவர்மேல் எரிந்து விழுந்தாள். பாவம், அவர் செய்த குற்றம் என்ன?

யூஹே தன் கிண்ணத்தின் மேல் என்ன நம்பிக்கை வைத்திருந்தாள் என்பது கட்டடம் முழுக்கத் தெரியும். புருஷனிடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. அவள் யாரிடமும் அழவில்லை. ஆனால் ஃபாங்கின் மனைவியிடம் ஒரு நாள் சொன்னாள்: "அப்பாவுக்கு வாக்குக் குடுத்துட்டு வந்தேன், முதல் நாள் பூக்க வச்சிடுவேன்னு. பூத்துச்சுன்னா எங்க வீட்டுக்காரரு பத்திரமா இருக்காருன்னு நான் எடுத்துக்குவேன். இல்லேன்னா... இல்லேன்னு நெனைக்கவே மாட்டேன்." இதுவும் சுய்யிங்கின் காதில் விழுந்திருந்தது. காதை மூடிக்கொண்டாலும் சில சொல் நுழைந்துவிடும்.

இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம். வருடக் கடைசி நாள், வீட்டுக்கு வீடு சமையல். மீன் உருண்டை கொதிக்கும் வாசம், இறைச்சி இடிக்கும் சத்தம், மற்ற வீட்டுப் பெண்கள் எல்லாரும் மேடையில். சுய்யிங் கிண்ணத்தை எடுத்துவர மாடத்துக்குப் போனாள். அங்கே யாரும் இல்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

அவள் கிண்ணம் நேற்றைப் போலவே பச்சை மொட்டாக நின்றது. இன்னும் இரண்டு நாள், குறைந்தது. பக்கத்தில் யூஹேயின் கிண்ணம். ஏழு மொட்டில் மூன்று உறை கிழிந்து வெள்ளை காட்டின. காலையில் அவை விரியும், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சுய்யிங் மொட்டுகளை எண்ணினாள். மொட்டைப் பார்த்தாள், உறையைப் பார்த்தாள். இலையைப் பார்க்கவில்லை. அந்தக் கிண்ணத்தை இருபது நாளாக அவள் ஓரக்கண்ணால் தவிரப் பார்த்ததே இல்லை, அன்றைக்கும் நேராகப் பார்க்கத் துணிவு வரவில்லை.

கை நீண்டது. எந்தக் கிண்ணத்தை எடுக்கிறோம் என்று தெரியாமல் எடுத்தாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். தெரிந்துதான் எடுத்தாள். தன்னுடையதை அங்கேயே விட்டுவிட்டு, அதை அறைக்குள் கொண்டு வந்து, பூத்தண்டுகளைச் சேர்த்துச் சிவப்புக் காகிதப் பட்டை கட்டி, படத்துக்கு நேர் கீழே மேசையில் வைத்தாள். பட்டை இரண்டு தரம் அவிழ்ந்தது, மறுபடி கட்டினாள். தெங் எதிரே உட்கார்ந்து தாளில் எதையோ படித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்தார், மறுபடி படித்தார்.

"யூஹேக்கு வித்தியாசம் தெரியாது. தன் கணக்குத் தப்பிப் போச்சுன்னு நெனைச்சுக்குவா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடி பைத்தியமே! கிழங்குத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தன் செடி தெரியாதா?

விடிந்தது. வெடிச் சத்தத்துக்கு நடுவே மேசையில் மூன்று பூ விரிந்திருந்தது. அறை முழுக்க மணம். சுய்யிங் சிவப்பு மேல்சட்டை போட்டு, இரண்டு முட்டை வைத்த புத்தாண்டுச் சேமியாவைக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு, கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்தாள். ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

முதலில் ஃபாங்கும் அவன் மனைவியும். "புத்தாண்டு வாழ்த்து! புத்தாண்டு வாழ்த்து!" என்று சிரித்துக்கொண்டே நுழைந்தான் ஃபாங். கிண்ணத்தைப் பார்த்தான். அப்புறம் மேலே மாட்டியிருந்த படத்தைப் பார்த்தான். மறுபடி கிண்ணத்தைப் பார்த்தான். நாள் முழுக்க லொடலொடவென்று பேசுகிறவனுக்கு வாய் ஒட்டிக்கொண்டது.

"மணம் இருக்கு," என்றான் ஃபாங்.

"ஆமா, நல்ல மணம்," என்றாள் அவன் மனைவி. மேலே எதையும் பார்க்காமல் தட்டிலிருந்த பூசணி விதையை அள்ளிக்கொண்டாள்.

அடுத்து ஐந்தாம் அறைக்காரர்கள் வந்தார்கள். கிண்ணத்தைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள். "மணம் தூக்குது சுய்யிங்." அடுத்து எட்டாம் அறை. "அடேயப்பா, என்ன மணம்!" ஒருவர் பின் ஒருவராக வந்தவர்கள் எல்லாரும் மணத்தைப் பற்றியே பேசினார்கள். 'என்ன கை' என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. ஒன்பது வருடமாக மற்றவர்களுக்குத் தான் போட்ட அந்தப் பிச்சைச் சொல் இன்றைக்குத் தனக்கே ஏன் வருகிறது என்று சுய்யிங்குக்குப் புரியவில்லை. 

பத்து மணிக்கு யூஹே வந்தாள். கையில் ஒரு தட்டில் பழுப்புச் சர்க்கரை போட்டு வேகவைத்த அரிசிமாக் கட்டி. சுய்யிங் எழுந்து நின்றாள், உட்காரச் சொல்லத் தோன்றவில்லை.

"புத்தாண்டு வாழ்த்து அக்கா. அம்மா செஞ்சு அனுப்பினது. கத்தி இருக்கா? துண்டு போட்டுத் தாரேன்."

தெங் கத்தியை எடுத்துக் கொடுத்தார். யூஹே தட்டை மேசையில், கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே வைத்தாள். கத்தியை இடது கையில் வாங்கினாள். இடது கையாலேயே கட்டியைச் சரசரவென்று மெல்லிய துண்டுகளாக அறுத்தாள்.

சுய்யிங் அந்தக் கையைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் அடித்துத் திருத்தியதால் யூஹே எழுதுவதும் சாப்பிடுவதும் வலது கையால்தான். கத்தி மட்டும் வயலில் அப்பாவோடு பிடிக்கப் பழகியது, அங்கே யாரும் திருத்தவில்லை. சமையல் மேடையில் அவளோடு நின்று காய் நறுக்கிய எல்லாருக்கும் அது தெரியும். முழங்கை ஏன் இடித்தது என்று அப்போதுதான் சுய்யிங்குக்கு விளங்கியது.

மெல்லக் கண்ணை உயர்த்தினாள். மேலே சட்டம் போட்ட படத்தில் அவளுடைய கிண்ணம், வலது கைக்காரி வலப்பக்கமாகச் சீவியது, இலை எல்லாம் வலப்பக்கம் சுருண்டிருந்தது. கீழே மேசையில் இருந்த கிண்ணத்தில், இடது கை சீவிய இலை எல்லாம் இடப்பக்கம் சுருண்டிருந்தது. ஒன்றுக்கு மேல் ஒன்றாக, வந்தவர்கள் பார்க்கட்டும் என்று அவளே எடுத்து வைத்ததுபோல இருந்தது. பத்து வீட்டு ஆட்களும் வந்து, பார்த்து, தெரிந்துகொண்டு, பூசணி விதை தின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள்! அவளுக்கு அந்த இடத்திலேயே செத்துப்போய்விடலாம் போல் இருந்தது. 

யூஹே கத்தியைத் துடைத்து வைத்தாள். பூவைப் பார்க்கவே இல்லை. "என் வீட்டுல இருக்கிறது நாளைக்கு விரியும்னு நெனைக்கிறேன் அக்கா. நல்ல சீவல். சீவின கை நல்ல கை," என்றாள். பிறகு கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கதவு சாத்தியதும் சுய்யிங் கட்டிலில் சரிந்து உட்கார்ந்தாள். தெங் சேமியாக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடு. ஆறிப் போச்சு."

"உனக்குத் தெரியுமா?"

"ம்."

"எப்போ?"

"நேத்து, நீ கொண்டு வந்து வச்சப்பவே."

"பின்னே ஏன் சொல்லலே? ஏன் என்னை இப்படி நாறவிட்டே?"

தெங் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பட்டை கட்டும்போது ரெண்டு தரம் அவுந்துச்சு. நீயே திருப்பிக் கொண்டு போய் வச்சிருவேன்னு நெனைச்சேன். காலையில வரைக்கும் நெனைச்சுக்கிட்டே இருந்தேன்."

அவள் அன்று சாப்பிடவில்லை. முதல் நாளில் அழக்கூடாது என்பதால் அழவும் இல்லை. படத்தைக் கழற்றிக் கட்டிலடியில் தள்ளினாள். கழற்றிய இடத்தில் சுவர் சதுரமாக வெளுத்திருந்தது. கிண்ணத்தை அப்போதே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம், முதல் நாள் இன்னும் முடியவில்லை, நடையில் இருபதடி தூரம்தான். இரண்டு முறை கிண்ணத்தைத் தூக்கினாள். கதவுக்கு வெளியே யாரோ பேசும் சத்தம் கேட்டது. வைத்துவிட்டாள். பொழுது போய்விட்டது.

மறுநாள் காலை கடைசி அறையிலிருந்து சத்தம் கேட்டது. யூஹேயின் ஜன்னலில் பூ விரிந்திருந்தது. நடை முழுக்க ஆட்கள். சுய்யிங் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தாள். பாதி நடையிலேயே அவளுக்குக் கேட்டுவிட்டது. ஃபாங் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்: "என்ன கை! அடடா, என்ன கை!"

அவளுடைய கிண்ணம். அவள் சீவியது. வலப்பக்கம் சுருண்ட இலை, நடுவே பதினொரு பூ, இத்தனை வருடத்தில் அவள் கையில் இவ்வளவு நன்றாக வந்ததில்லை. தன்னுடையது என்று சொல்ல வாய் உண்டா அவளுக்கு? கூட்டம் அவளைப் பார்த்ததும் விலகி வழிவிட்டது. யூஹேயின் மேசையில் கிண்ணத்தை வைத்தாள்.

யூஹே ஒரு நொடி பார்த்தாள். சட்டென்று சிரித்தாள். "பாருங்க, பாருங்க! எங்க வீட்டுப் பூ பிந்திருச்சேன்னு அக்கா தன்னோடதைப் பரிசாக் கொண்டு வந்திருக்காங்க!"

"அதானே! சுய்யிங் மனசு யாருக்கு வரும்!" என்றான் ஃபாங். ஐந்தாம் அறைக்காரர் கை தட்டினார். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். அவள் விழுந்த குழியின்மேல் ஆளுக்கு ஒரு பலகை எடுத்துப் போட்டு மூடினார்கள். சுய்யிங் நினைத்திருந்தால் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"பரிசு இல்லே," என்றாள். குரல் வெளியே வரவில்லை. மறுபடி சொன்னாள். "பரிசு இல்லே. இது அவளுதுதான். நான் திருடினேன். முந்தாநாள் மத்தியானம், மாடத்துல. உங்க எல்லாருக்கும் தெரியும். ஏன் யாரும் சொல்ல மாட்டேங்கிறீங்க? நான் திருடி!"

கை தட்டல் நின்றது. ஃபாங் தரையைப் பார்த்தான். அவன் மனைவி, "விடு சுய்யிங், நல்ல நாளும் அதுவுமா..." என்று முனகினாள்.

சொல்லி முடித்ததும் சுய்யிங்குக்கு நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது. உண்மையாகவே இறங்கியது. யூஹே வந்து கையைப் பிடித்துக்கொள்வாள், 'பரவாயில்லே அக்கா' என்பாள் என்று அவள் காத்திருந்தாள்.

யூஹே கையைப் பிடிக்கவில்லை. சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"இதை நேத்துக் காலையில சொல்லியிருந்தீங்கன்னா, முதல் நாள் எம் பூ எம் வீட்டுல இருந்திருக்கும். நேத்து நான் அந்த மூடின மொட்டைப் பாத்துக்கிட்டே சேமியா சாப்பிட்டேன் அக்கா. யாருக்கும் காட்டாம சாப்பிட்டேன். இன்னிக்கு நீங்க சொல்றது உங்களுக்காகத்தான். எனக்காக இல்லே."

 சுய்யிங் வெறுங்கையோடு இருபதடி நடந்து தன் அறைக்கு வந்தாள்.

அப்புறம் கடிதம் வரும்வரை நாற்பத்தொரு நாள். கப்பல்காரன் மனைவியைவிட அதிகமாக அந்தக் கடிதத்துக்குக் காத்திருந்தவள் சுய்யிங்தான் என்பதை நான் சத்தியம் செய்து சொல்வேன். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் அறுக்கும் கொம்பைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுவாள், மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். கனவில் கப்பல் மூழ்கும். எழுந்து உட்கார்ந்து, "என்னாலதான், என்னாலதான்," என்பாள். தெங் போர்வையை இழுத்து அவள் தோளில் போடுவார். இப்போது அவள் எல்லாரும் சமைக்கும் நேரத்திலேயே மேடைக்குப் போனாள், யூஹேக்கு இடப்பக்கம் இடம் விட்டு நின்றாள். யூஹே உப்புக் கேட்டால் உப்பை நகர்த்துவாள். அதற்குமேல் பேச்சு இல்லை.

நாற்பத்தோராம் நாள் சமையல் மேடையில் யூஹே மீன் தேய்த்துக்கொண்டே, தலையைத் திருப்பாமல் சொன்னாள்: "கடுதாசி வந்துருச்சு அக்கா. கப்பல்ல எந்திரம் கெட்டு ஏதோ தீவுல நின்னுருந்துச்சாம். நல்லா இருக்காரு."

 சுய்யிங் இரண்டு கையாலும் மேடையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லது," என்றாள், "நல்லது, நல்லது." அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு அறைக்கு ஓடி வந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் மாடிப்படிக்குக் கீழே ஃபாங்கின் மனைவி, கடிதத்தைத் தானே கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். கடிதத்தின் தலையில் பன்னிரண்டாம் மாதம் இருபதாம் தேதி என்று அவன் எழுதியிருந்தானாம், வழியில்தான் இவ்வளவு நாள் சுற்றியிருக்கிறது. சுய்யிங் விரல் விட்டு எண்ணினாள். இருபதாம் தேதி! புத்தாண்டுக்குப் பத்து நாள் முன்பே எழுதிப் போட்டிருக்கிறான். அப்படியென்றால் அவன் அப்போதே நன்றாகத்தான் இருந்தான். பூ முதல் நாள் விரிந்தாலும் விரியாவிட்டாலும், அது எந்த வீட்டில் விரிந்திருந்தாலும், அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தான் எடுத்ததால் எதுவும் கெடவில்லை! இத்தனை நாளில் முதல்முறையாக அவள் முகம் மலர்ந்தது. இதை உடனே யூஹேயிடம் சொல்ல வேண்டும் என்று படியேறினாள், நடையில் வேகமாக நடந்தாள்.

பாதி தூரத்தில் கால் நின்றது. யூஹேயின் கதவு திறந்திருந்தது, உள்ளே அவள் அந்தக் கடிதத்தை விளக்கடியில் வைத்து மறுபடி படித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தேதிக் கணக்கு அவளுக்கு எதற்கு? அவளுக்குக் கடிதம் வந்துவிட்டது, போதும். கணக்கு யாருக்கு வேண்டும் என்று சுய்யிங்குக்கு அப்போது தெரிந்தது. இன்றைக்கும் தனக்காகத்தான் ஓடி வந்திருக்கிறாள்.

நடையில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். "என்ன சுய்யிங், எங்க போறே?" என்று ஃபாங் கேட்டான்.

"எங்கேயும் இல்லே," என்றாள் அவள். சத்தம் வராமல் திரும்பி நடந்து, தன் கதவைச் சாத்திக்கொண்டாள்.